மைதானக் கூடாரத்தில் அரசு உதவி: சோற்றுக்கு முன்னால் வர வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோவில் கமிட்டியில் இருக்கும் தம்பி கேட்ட கேள்வி இது: "கலவரத்தில் விரட்டப்பட்ட வெளிநாட்டு மக்களை எங்கள் பக்கத்து விளையாட்டு மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தால், அரசாங்கம் என்னென்ன செய்தாக வேண்டும்? நாங்கள் சோறு கொண்டுபோனால் போதுமா? முன்பு ஒரு தடவை கொண்டுபோனதில் பாதி வீணாகிவிட்டது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன தப்பு நடந்திருக்கும்?"

தம்பி, சோறு தேவைதான். ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் கடைசியாகத் தட்டுப்பாடு வருவது சோற்றுக்குத்தான். கலவரம் நடந்த மறுநாளே கோவில், பள்ளிவாசல், சர்ச் எல்லாம் பானையோடு வந்து நிற்கும். வராமல் போவது ஒரு மேசை, ஒரு நோட்டு, பொறுமையாக எழுதத் தெரிந்த இரண்டு பேர். யார் வந்திருக்கிறார்கள், கையில் என்ன பேப்பர் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், இங்கிருந்து எங்கே போக நினைக்கிறார்கள் என்பதை முதல் இரண்டு நாளில் யாரும் எழுதாவிட்டால், அதற்குப் பிறகு வரும் தண்ணீர், சோறு, பஸ் எல்லாமே குத்துமதிப்பாகத்தான் வரும். பெரியவர்கள் பார்த்த வீண் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் யார் பொறுப்பு என்பது. கென்யா, தான்சானியா மாதிரி தென்னாப்பிரிக்காவில் அகதி முகாம் கிடையாது. 1998ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின்படி, தஞ்சம் கேட்டு வந்தவர் ஊருக்குள்ளேயே வாடகைக்கு இருந்து, வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்கிறார். நல்ல ஏற்பாடுதான், வருடக்கணக்கில் வேலிக்குள் கிடப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதனாலேயே கூடாரம் நடத்திப் பழகிய இலாகா இங்கே ஒன்றும் இல்லை. 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ராவில் தொடங்கிய கலவரத்தில் 62 பேர் இறந்தார்கள், ஏராளமானோர் வீடிழந்தார்கள். 2015இல் இசிபிங்கோவில் தொடங்கி டர்பனில் பரவியபோது இசிபிங்கோ, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் மைதானங்களில் கூடாரங்கள் எழுந்தன. அதாவது நம் ஆட்கள் நெருக்கமாக வாழும் இடங்களிலேயே. இரண்டு தடவையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

2002ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் மனிதரால் வரும் பேரிடரும் அடங்கும். உள்ளூர் அளவில் முதல் பொறுப்பு மாநகராட்சிக்கு. டர்பனில் அது ஈதெக்வினி. மைதானம், மார்க்கீ என்னும் பெரிய கூடாரம், தண்ணீர், கழிப்பறை, குப்பை, விளக்கு அவர்கள் வேலை. சாப்பாடு, கம்பளி, சமூக நல அலுவலர் மாகாண சமூக வளர்ச்சித் துறை. கிளினிக் மாகாண சுகாதாரத் துறை. பேப்பர் ஹோம் அஃபேர்ஸ் என்னும் உள்துறை, அது தேசிய அரசாங்கம். காவல் போலீஸ், அதுவும் தேசிய அரசாங்கம். ஐந்து கைகள், ஐந்து மேலதிகாரிகள். இவர்களைச் சேர்த்து உட்காரவைக்கும் தினசரிக் கூட்டத்துக்கு ஜே.ஓ.சி. என்று பெயர். உங்கள் கமிட்டி முதலில் கேட்க வேண்டியது அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலி. வார்டு கவுன்சிலர் மூலம் எழுத்தில் கேளுங்கள். இன்று எத்தனை தலை, நாளை எத்தனை பஸ், எந்தக் கூடாரம் காலியாகிறது என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. அது தெரியாமல் சமைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு உலை வைப்பது மாதிரி.

சட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உள்ளூர்ப் பேரிடர் நிலை என்று அறிவித்தால் அது 3 மாதத்தில் தானாகக் காலாவதியாகும். நீட்டிக்க வேண்டுமானால் மாதம் மாதமாகத்தான். அறிவிக்காமலே விட்டால் லாரித் தண்ணீருக்கும் வழக்கமான டெண்டர் வழியில் போக நேரலாம். அறிவிப்பு வந்ததா, எந்தத் தேதியில் என்று கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் நெருங்கும்போது மைதானத்தை மூட அவசரம் பிறக்கும். அப்போது போக இடமில்லாதவர்கள்தான் மிஞ்சியிருப்பார்கள்.

இனி அந்த மேசை. கட்டங்கள் இவை: குடும்பத் தலைவர், கூட இருப்பவர்களின் பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த நாடு, எந்த மொழி, பேப்பரின் எண்ணும் முடியும் தேதியும், முன்பு இருந்த வீடு, அடுத்துப் போக விரும்பும் இடம். தனியாக வந்த குழந்தை, கர்ப்பிணி, ஊன்றுகோல் தேவைப்படுபவர் என்றால் ஓரத்தில் ஒரு குறி. நோய், மாத்திரை பற்றிய கேள்வியை மட்டும் இந்த மேசையில் கேட்கவே கூடாது. அதை நர்ஸ் தனிக் கூடாரத்தில் கேட்க வேண்டும். பின்னால் நிற்பவர் காதில் விழும் என்றால் எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிற யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தலை எண்ணுவது இரவில். பகலில் பாதிப் பேர் வேலைக்கோ, பழைய வீட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா பார்க்கவோ போயிருப்பார்கள். பகலில் 600 என்று எண்ணிச் சமைத்தால் இரவு 1,000 பேர் வந்து நிற்பார்கள். மறுநாள் 1,000 பேருக்கு மதியத்தில் சமைத்தால் 400 பேர் சோறு மிஞ்சும். "பாதி வீணானது" என்பதற்கு என் கணிப்பில் முதல் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இரவு 9 மணிக்குக் கூடாரம் கூடாரமாகப் போய் எண்ணுங்கள்.

பெயர்ப் பட்டியல் ஒரே ஒரு பிரதி, பூட்டில். எந்த நாட்டவர், முன்பு எந்தத் தெருவில் இருந்தார் என்பதெல்லாம் வெளியே கசிந்தால், விரட்டியவர்கள் கையில் போய்ச் சேரும். வாட்சாப்பில் படம் எடுத்துப் போடவே கூடாது. சமையலுக்கு உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கை மட்டும்தான்: பெரியவர் இத்தனை, ஐந்து வயதுக்குள் இத்தனை, ஆறு மாதத்துக்குள் இத்தனை.

எதற்காக எழுதுகிறோம் என்று அவரவர் மொழியில் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது பெரிய ஆபத்து. 2008இல் ஜோகன்னஸ்பர்க் பக்கம் கிளெனாண்டா முகாமில் இதுதான் நடந்தது. தற்காலிக அடையாள அட்டைக்குப் பதிவு செய்யச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டால் அகதி உரிமை போய்விடும் என்று பயந்து பலர் மறுத்தார்கள். மறுத்தவர்களை லிண்டெலா தடுப்பு மையத்துக்கு ஏற்றிப்போனார்கள். பிறகு அவர்கள் சாலையோரத்தில் கிடந்தார்கள். அந்தக் கௌட்டெங் மாகாணத்து முகாம்களைக் கலைக்கும் விவகாரம் அந்த ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று சுவாஹிலியிலும் பிரெஞ்சிலும் படித்துக்காட்ட ஆள் வைத்திருந்தால் பாதிப் பயம் அன்றே தீர்ந்திருக்கும். டர்பனில் உங்களுக்கு வேண்டிய மொழிகள் சுவாஹிலி, பிரெஞ்சு, கிருண்டி, சிச்சேவா, ஷோனா, போர்த்துகீஸ்; சோமாலி, அம்ஹாரிக்கும் தேவைப்படலாம். வந்தவர்களிலேயே இரண்டு மொழி தெரிந்த ஆசிரியர், பாஸ்டர், கடைக்காரர் இருப்பார். அவரை மேசையில் உட்காரவையுங்கள்.

பேப்பர் விஷயத்தை நம் ஆட்கள் அலட்சியம் செய்கிறார்கள். 2022 ஏப்ரலில் டர்பன் வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். வெள்ளத்தில் ஐ.டி. போனால் வேறு எடுக்கலாம். நாட்டில் இருக்கும் உரிமை போகாது. இங்கே கூடாரத்தில் இருக்கும்போது பேப்பரின் தேதி முடிந்தால், ஒரே இரவில் சட்டவிரோதக் குடியேறி. எல்லையில் தஞ்சம் கேட்பவருக்குக் கிடைக்கும் பயண அனுமதி 5 நாளுக்கு மட்டும். 2014க்கு முன் 14 நாள் இருந்தது. அதற்குள் அகதிகள் வரவேற்பு அலுவலகம் ஒன்றில் போய் நிற்க வேண்டும். அவை முசினா, பிரிட்டோரியா, டர்பன், கெபெர்ஹா, கேப்டவுனில் இருக்கின்றன. அங்கே கொடுப்பது 22ஆம் பிரிவுத் தஞ்ச விசா. அகதி என்று ஏற்றுக்கொண்டால் 24ஆம் பிரிவு. எரிந்த வீட்டில் இந்தத் தாள் போனவர் போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் கொடுத்து, கேஸ் நம்பர் வாங்கிக்கொண்டு, அதோடு வரவேற்பு அலுவலகம் போக வேண்டும். தாளின் போட்டோ யார் போனிலாவது இருந்தால் வேலை பாதி முடிந்தது. அதனால் தாள் இன்னும் கையில் இருப்பவர்களிடம் முதல் நாளே போட்டோ எடுத்து அவரவர் போனுக்கே அனுப்பச் சொல்லுங்கள். கோவிட்டுக்குப் பிறகு புதுப்பித்தல் இணையம் வழியும் நடக்கிறது. கோவிலில் ஒரு மடிக்கணினியும் ஸ்கேனரும் வைத்து இந்த ஒரு வேலையைச் செய்தால், பத்துப் பானை பிரியாணியைவிடப் பெரிய உதவி.

5 நாள் தவறிவிட்டது என்று ஒருவர் சொன்னால் கை விரிக்காதீர்கள். தாமதமாகக் கேட்டார் என்பதற்காக மட்டும் தஞ்ச விண்ணப்பத்தை வாங்கவே மறுக்கக் கூடாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2020இல் வந்த திருத்தம் ஏன் தாமதம் என்று நல்ல காரணம் காட்டச் சொன்னது. அங்கே ஒரு வக்கீல் வேண்டும். சட்ட உதவி மையத்துக்கு அவரோடு கூடப் போங்கள்.

தண்ணீர் கணக்கு எளிது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர். 1,000 பேருக்கு 15,000 லிட்டர். 5,000 லிட்டர் ஜோஜோ டேங்க் மூன்று, தினமும் நிரம்ப வேண்டும். டேங்கர் ஒரு நாள் வராமல் போகும் என்று வைத்துக்கொண்டு நான்காவதையும் கேளுங்கள். 250 பேருக்கு ஒரு குழாய். ஆக நான்கு குழாய். டேங்க் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுபவர்கள் மறப்பது பாத்திரம். வீடு எரிந்து வந்தவரிடம் வாளி இருக்காது. குடும்பத்துக்கு மூடி போட்ட கேன் இரண்டு வேண்டும்: ஒன்று பிடித்து வர, ஒன்று வைத்திருக்க. வாய் அகன்ற வாளி கொடுத்தால் குழந்தை கை விடும். குழாயில் சுத்தமாக வந்த தண்ணீர் கூடாரத்தில் கெட்டுப்போகும்.

கிருமியைக் கொல்லும் குளோரின் தண்ணீரில் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. சின்னக் கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலிட்டர் தண்ணீர் பிடித்து, டி.பி.டி. மாத்திரை ஒன்று போட்டு ஆட்டினால் இளஞ்சிவப்பு ஏறும். அட்டையில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். நிறமே ஏறாவிட்டால் அந்த டேங்கை மூடிவிட்டு மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தண்ணீரைக் குடிக்க வேண்டி வந்தால் மட்டும், வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச் ஒரு டீஸ்பூன் 20 லிட்டருக்கு. கலந்து 2 மணி நேரம் விட வேண்டும். மாநகராட்சி டேங்கரில் ஏற்கெனவே குளோரின் இருக்கிறது, அதில் மேலும் ஊற்றக் கூடாது. 2008 கடைசியில் சிம்பாப்வேயில் காலரா வந்து 4,000க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, எல்லை தாண்டி முசினாவுக்கும் அது வந்தது. அங்கே தஞ்சம் கேட்டுக் காத்திருந்தவர்கள் திறந்த வெளியில் கிடந்தார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் குழாயைப் பார்க்க வேண்டும்.

கழிப்பறை முதல் சில நாள் 50 பேருக்கு ஒன்று, சீக்கிரமே 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உள்ளே தாழ்ப்பாள், வெளியே விளக்கு. விளக்கில்லாத கழிப்பறைக்கு இரவில் பெண்கள் போக மாட்டார்கள். போனால் தொல்லைக்கு ஆளாவார்கள். கழிவை உறிஞ்சி எடுக்கும் ஹனிசக்கர் லாரி எத்தனை மணிக்கு வருகிறது என்பதை ஜே.ஓ.சி.யில் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நிரம்பி வழிந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

இடம் பற்றி ஒரே ஒரு கணக்கு. கூடாரத்துக்குள் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் வேண்டும்; 10க்கு 20 மீட்டர் மார்க்கீயில் 57 பேர். பாதை, கழிப்பறை, சமையல் எல்லாம் சேர்த்து முகாமில் ஒருவருக்கு 45 சதுர மீட்டர் என்பது பொதுவான அளவு. கால்பந்து மைதானம் ஒன்று 105க்கு 68 மீட்டர், சுமார் 7,100 சதுர மீட்டர். வசதியாக 160 பேர்தான் இருக்கலாம். அதில் 1,000 பேரை அடைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் இரண்டாவது மைதானம் எப்போது திறக்கிறது என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். கூடாரத்துக்குள் பாரஃபின் அடுப்பை மட்டும் அனுமதிக்கவே கூடாது. மார்க்கீ துணி பற்றினால் நிமிடங்களில் போய்விடும்.

சரி, சோறு. ஒருவருக்கு நாளுக்கு 2,100 கலோரி என்று கணக்கு. அதைப் பொருளாக்கினால் அரிசியோ மீலி மீல் என்னும் சோள மாவோ 450 கிராம், பருப்பு அல்லது பீன்ஸ் 60, எண்ணெய் 30, சர்க்கரை 15, உப்பு 5. 1,000 பேருக்கு 450 கிலோ, 60 கிலோ, 30 கிலோ, 15 கிலோ, 5 கிலோ. காய்கறி இதற்கு மேல். இதில் குறைந்துபோவது எப்போதும் எண்ணெயும் பருப்பும்தான். நன்கொடையாக வருவது அரிசியும் ரொட்டியும். யாராவது "என்ன வாங்கித் தரட்டும்" என்று கேட்டால் எண்ணெய் டின்னைச் சொல்லுங்கள்.

காவடிக்கும் தீமிதிக்கும் ஆயிரம் பேருக்குச் சமைத்துப் போடும் அக்காமார் டர்பன் கோவில்களில் இருக்கிறார்கள். அந்தத் திறமைக்குக் குறையில்லை. ஆனால் திருவிழாச் சாப்பாடு வேறு, தினச் சாப்பாடு வேறு. ஒரு நாள் பிரியாணி எல்லோருக்கும் பிடிக்கும். ஐந்தாம் நாள் காரம் தாங்காமல் குழந்தைகள் தட்டைத் தள்ளும். வந்திருப்பவர்கள் தினமும் சாப்பிடுவது கெட்டியாகக் கிண்டிய சோளக் களி: மலாவிக்காரர் ந்சிமா என்பார், சிம்பாப்வேக்காரர் சட்ஸா என்பார், கிழக்குக் காங்கோ, புருண்டி ஆட்கள் உகாலி என்பார்கள். மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் கோவிலுக்கு மீலி மீல் புதிதா? அதே மாவைக் கெட்டியாகக் கிண்டி, காரம் குறைத்த பீன்ஸ் கறியும் கீரையும் வைத்தால் தட்டு காலியாகும். கிண்டுவதற்கு அவர்கள் பெண்களையே கூப்பிடுங்கள். பதம் அவர்களுக்குத்தான் தெரியும், கைக்கு வேலையும் மனசுக்கு ஆறுதலும் ஆகும்.

இன்னொன்றை நம்மில் பலர் கவனிப்பதில்லை. கோவில் சமையல் சைவம் என்பது இங்கே பெரிய வசதி. சோமாலிகளுக்கும் மலாவி முஸ்லிம்களுக்கும் ஹலால் இறைச்சி எங்கிருந்து வந்தது என்ற கவலை இல்லை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ்காரர்கள் புதன், வெள்ளியில் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடமாட்டார்கள். பருப்பும் கீரையும் அவர்களுக்கு அப்படியே ஒத்துவரும். நெய், தயிர் மட்டும் அந்த நாட்களில் வேண்டாம்.

வீணாவதற்கு இரண்டாவது காரணம் நேரம். சமைத்த சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். கோவிலில் காலை 8 மணிக்கு வடித்து, மூடி, வேனில் ஏற்றி, வாசலில் போலீஸ் விசாரித்து, 12 மணிக்குப் பரிமாறினால் அது வெதுவெதுப்பாக நாலு மணி நேரம் நின்ற சோறு. சோற்றில் வளரும் கிருமி விடும் நஞ்சு திரும்பச் சூடு செய்தாலும் போகாது. ஒரே மதியத்தில் 200 பேர் வாந்தி எடுத்தால் அந்த முகாமுக்கு வெளிச் சாப்பாடே கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் மைதானத்திலேயே, கூடாரங்களுக்குக் காற்று அடிக்காத பக்கம், ஒரு பொதுச் சமையல் இடம் கேளுங்கள். மாநகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர் வந்து பார்க்க வேண்டும். 2018இல் வந்த உணவு வளாக விதிகளின்படி தகுதிச் சான்றிதழும் தேவை. முன்கூட்டியே அவரைக் கூப்பிட்டுவிட்டால் தடை சொல்ல மாட்டார்.

மூன்றாவது காரணம், எல்லோரும் ஒரே நாளில் கொண்டுவருவது. ஞாயிறு ஐந்து அமைப்பு வரும், செவ்வாய் யாரும் வரமாட்டார்கள். சுவரில் ஏழு நாள் அட்டவணை ஒட்டி, காலை கோவில், மதியம் பள்ளிவாசல், இரவு சர்ச் என்று பெயர் எழுதுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1992இல் தொடங்கிய கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் நிவாரண அமைப்பின் ஆட்களுக்கு இந்த மாதிரி ஒழுங்குபடுத்துவது கைவந்த கலை. அவர்கள் வந்தால் போட்டி போடாமல் அவர்கள் அட்டவணையில் சேருங்கள். பரிமாறும்போது ஒரே வரிசை வேண்டாம். நிமிடத்துக்கு 8 பேர் நகர்ந்தாலும் 1,000 பேருக்கு 2 மணி நேரம் ஆகும். கடைசியில் நிற்பவர் பொறுமை இழந்தால் தள்ளுமுள்ளு. நான்கு வரிசை வையுங்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் வயதானவருக்கும் ஒன்று தனியாக.

அக்கம்பக்கத்து ஏழைகளும் தட்டோடு வருவார்கள். விரட்டாதீர்கள். "வெளிநாட்டுக்காரனுக்கு மட்டும் சோறு" என்ற ஒரு பேச்சுப் போதும், அடுத்த கல் அந்தக் கூடாரத்தின் மேல் விழும். வாசலுக்கு வெளியே அவர்களுக்கு ஒரு பானை தனியாக வையுங்கள். அந்தத் தலைகளைத் தனிக் கணக்கில் எழுதுங்கள்.

பால் பவுடரையும் புட்டியையும் நன்கொடையாக வாங்கவே வாங்காதீர்கள். கழுவ வெந்நீர் இல்லாத இடத்தில் புட்டிப்பால் குடித்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். இரண்டு வாரம் பவுடர் கொடுத்தால் தாய்ப்பாலும் வற்றும், பிறகு பவுடரும் வராது. தாய் இல்லாத குழந்தைக்குக் கிளினிக் பார்த்துக்கொடுக்கட்டும். தாய்க்கு ஒரு கரண்டி அதிகம் போடுங்கள், உட்கார மறைப்பு ஒன்று கட்டிக்கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி 8 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கண்ணளவு வேண்டாம், கரண்டியால் அளந்து போடுங்கள்.

மருத்துவத்தில் முகாம்கள் தவறவிடுவது காயத்தை அல்ல, மாத்திரையை. ஓடி வந்தவர் எச்.ஐ.வி. மருந்தையும் 6 மாத டி.பி. மருந்தையும் எரிந்த வீட்டில் விட்டு வந்திருப்பார். மருந்து நடுவில் நின்றால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக மாறலாம். நர்ஸ் பழைய கிளினிக்குக்குப் போன் போட்டு விவரம் வாங்கி, பக்கத்துக் கிளினிக்கில் அன்றே மருந்து கிடைக்கச் செய்ய வேண்டும். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு. கர்ப்பிணிக்கும் 6 வயதுக்குள் குழந்தைக்கும் அரசு மருத்துவமனையில் இலவசம். எந்த நாட்டவராக இருந்தாலும் அப்படித்தான் என்று கௌட்டெங் உயர் நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. வாசலில் யாராவது பாஸ்போர்ட் கேட்டுத் திருப்பி அனுப்பினால் மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கலவரத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். போலீஸ் கேஸ் போட்ட பிறகுதான் மருந்து என்பதில்லை. சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனையில் இதற்கென்றே துதுஸெலா மையம் இருக்கிறது. இதைச் சொல்லும் தாளைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் தனியாக நின்று படிக்க முடியும்.

கடைசியில் பஸ். 2015இல் மலாவியும் சிம்பாப்வேயும் தங்கள் மக்களைக் கூட்டிப்போகப் பஸ் ஏற்பாடு செய்தன. ஏறுபவர் மனமொத்து ஏறுகிறாரா என்பதுதான் முதல் கேள்வி. தஞ்சம் கேட்டவர் சொந்த நாட்டுக்குப் பஸ் ஏறினால் அவர் விண்ணப்பம் அத்தோடு முடிந்த மாதிரி. புருண்டி, காங்கோ ஆட்களை இதைச் சொல்லாமல் ஏற்றக் கூடாது. விசா காலம் முடிந்து 30 நாளுக்கு மேல் தங்கியிருந்தால், எல்லையில் 5 வருடம் திரும்ப வரத் தடை விழலாம். கலவரத்தால் போகிறவர்களுக்கு அந்தத் தடை உண்டா இல்லையா என்று ஹோம் அஃபேர்ஸிடம் பஸ் கிளம்பும் முன் எழுத்தில் வாங்குங்கள். டர்பனிலிருந்து சிம்பாப்வே எல்லையான பெய்ட்பிரிட்ஜ் சுமார் 1,100 கிலோமீட்டர். இரண்டு ஓட்டுநர், ஆளுக்கு 5 லிட்டர் தண்ணீர், கெட்டுப்போகாத சாப்பாடு: ரொட்டி, வாழைப்பழம், வறுத்த கடலை. மெத்தை, தையல் மெஷின், பாத்திரம் என்று பத்து வருடச் சம்பாத்தியத்தோடு நிற்பார்கள். சாமானுக்குத் தனி லாரி இல்லாவிட்டால் பாதிப் பேர் கடைசி நேரத்தில் ஏற மாட்டார்கள்.

போகாமல் ஊருக்குள் திரும்புபவர்களுக்கு முதல் மாத வாடகையும், அவர்களைத் திரும்ப ஏற்க ஒரு வீட்டுக்காரரும் வேண்டும். கூடாரத்தில் பிறந்த குழந்தை இருந்தால் 30 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மருத்துவமனை கொடுத்த தாளைத் தாயிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளை ஆவணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று 2019 டிசம்பரில் மக்கண்டா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மைதானத்தில் இருந்த வாரங்களில் பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று தலைமை ஆசிரியருக்கு உங்கள் கமிட்டியின் லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதி, முத்திரை வைத்து, மைதானம் மூடும் நாளுக்கு முன்பே தாய் கையில் கொடுங்கள்.